எருது வந்தபோது ஊர் இல்லை

எட்ரூன்பரியில் இன்னும் கிணறு வெட்டவில்லை. தண்ணீருக்கு ஓடைவரை நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடையே ஊருக்குள் நடந்து வந்துவிடும். தேவாலயத்துக்குப் பாதிக் கூரைதான். ஊரின் தெற்கு வாசலுக்குக் கதவு கிடையாது, ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் மன்றம் இருந்தது. ஊர் பிறந்த மறுநாளே அது கூடி, மன்றத்தில் யாரும் தொப்பி போடக் கூடாது என்று முதல் தீர்மானம் போட்டது. தொப்பியே இல்லாதவர்கள் எதைக் கழற்றி மரியாதை காட்டுவது என்று ஆராய்வதற்காக இரண்டாவது தீர்மானம். அந்த ஆராய்ச்சி மூன்று வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

ஊரை உண்டாக்கியவர் எட்ரூன் சீமாட்டி. கடல் தாண்டிக் கொள்ளைக்கு வரும் டேனியர்களோடு நடந்த சண்டையில் கணவர் போன பிறகு, இனி ஆற்றங்கரைக் குடிசைகளில் கிடந்தால் ஒவ்வொரு கோடையிலும் கொள்ளை போக வேண்டியதுதான் என்று கண்ட பெண்மணி. மன்னருக்கு ஆள் அனுப்பி, மேட்டு நிலத்துக்குப் பட்டயம் வாங்கி, அகழி வெட்டி, மரச்சுவர் எழுப்பி, நாற்பது குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தார். அதுவரை அந்த மேட்டில் பிஷப்பின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பிஷப் அதை இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு மன்றத்துக்கும் அவருடைய ஆள் ஒருவன் வந்து தூணோரம் நின்று, மெழுகுப் பலகையில் ஏதாவது கீறிக்கொண்டே இருப்பான்.

டுட்டா அந்த ஊர் உழவன். ஊரின் மரச்சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று முதல் சால் ஓட்டியவனே அவன்தான். அவனிடம் ஓர் எருது இருந்தது, செவலை, நெற்றியில் வெள்ளை. அதைக் கொண்டுதான் அவனும் மனைவி கோடாவும் மூன்று பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

அந்தச் சந்தை நாளில் பக்கத்து மலையூர் ஸ்னெல் வந்து எருதின் காதைப் பிடித்தான்.

"இது என் மாடு."

டுட்டா சிரித்துவிட்டான். "ஸ்னெல் அண்ணே, நேத்துக் குடிச்சது இன்னும் இறங்கலையா?"

"மூணு வருசம் முன்னாடி காணாமப் போச்சு. இதே செவலை."

"ஊர்ல இருக்கிற செவலையெல்லாம் உன்னுதா? அப்போ என் பொண்டாட்டி தலைமுடிகூடச் செவலைதான், அதையும் ஓட்டிட்டுப் போறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்னெல்லும் பாதி சிரித்தான். அத்தோடு போயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஊர் விதிப்படி, சந்தையில் ஒருவன் இன்னொருவன் மாட்டுக் காதைப் பிடித்தால் காவல்காரன் கொம்பு ஊத வேண்டும். ஊதினான். கொம்பு ஊதிவிட்டால் வழக்கு. எருதை அவிழ்த்துக்கொண்டு போய் மன்றத்து முளையில் கட்டிவிட்டார்கள்.

எட்ரூன்பரியின் சட்டம் எளிமையானது. ஊருக்குள், பன்னிரண்டு சாட்சிக்காரர் கண் முன்னால் கை மாறாத கால்நடை திருட்டுக் கால்நடை. வைத்திருப்பவன் திருடன். திருடனுக்குத் தூக்கு. ஊரிலேயே ஒழுங்காகக் கட்டி முடித்திருந்த ஒரே வேலை வடக்கு வாசல் தூக்குமரம்தான், நல்ல வைரம் பாய்ந்த கருவாலி.

மன்றம் சீமாட்டியின் கூடத்தில் கூடியது. நடு நாற்காலியில் சீமாட்டி. பக்கத்தில் காரியஸ்தர் விக்மண்ட். சீமாட்டி வாயைத் திறக்கும் முன் அவர் திறந்துவிடுவார், அதுதான் அவர் உத்தியோகம். அந்தப் பக்கம் பட்டயப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாதிரியார் டில்பெர்ட்.

"எருது உனக்கு எப்படி வந்துச்சு?" என்றார் விக்மண்ட்.

டுட்டாவுக்கு நிம்மதியாகிவிட்டது. இதற்குப் பதில் அவனுக்குத் தெரியும். "அம்மாதான் குடுத்தாங்க ஐயா. இதோ உக்காந்திருக்காங்களே, கேளுங்க."

"எப்போ?"

"ஊர் உண்டாக்குன அன்னிக்கு. நல்லா விடிஞ்சதும். சுவருக்குக் கோடு உழணும்னு சொல்லி, கயித்த என் கையில குடுத்து, வச்சுக்கோடான்னாங்க."

கூடத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். தூணோரம் நின்ற பிஷப்பின் ஆள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். விக்மண்ட் கண்ணை மூடித் திறந்து, "சாமி, பட்டயத்தை வாசிங்க" என்றார்.

பாதிரியார் லத்தீனில் வெகுநேரம் வாசித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு புரியும்படி சொன்னார்: மனிதக் காலோ மாட்டுக் குளம்போ படாத வெற்று நிலமாகிய இந்த மேட்டை, ஒஸ்வால்டு புனிதர் திருநாளில், நண்பகல் ஜெபத்துக்குப் பின், மன்னர் எட்ரூன் சீமாட்டிக்கு வழங்கினார்.

"கேட்டியா?" என்றார் விக்மண்ட். "மத்தியானம் வரைக்கும் அந்த மேட்டுல ஒரு குளம்பு படல. அப்படியிருக்க, விடியக்காலையில உன் எருது எங்க நின்னுச்சு?"

"மேட்டுலதான் ஐயா."

"நிக்கல."

"நான் பிடிச்சுக்கிட்டு நின்னேனே!"

"நீயும் நிக்கல."

டுட்டா சுற்றிப் பார்த்தான். அன்று காலையில் அவனோடு மேட்டில் நின்ற நாற்பது குடும்பத்துக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்கும் சீமாட்டி ஆளுக்கொரு பன்றி கொடுத்திருந்தார். பன்றியைத் தின்று முடித்தவர்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. டுட்டாவின் எருது மட்டும்தான் உயிரோடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, நீங்களும்தான் அன்னிக்குக் காலையில இருந்தீங்க. என் எருது உங்க காலை மிதிச்சிருச்சே! ரெண்டு வாரம் நொண்டினீங்க!"

விக்மண்ட் காலை மெல்ல இழுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். "அந்த வலி எனக்கு மத்தியானத்துக்கு மேலதான் வந்துச்சு."

டுட்டா நேராகச் சீமாட்டியைப் பார்த்தான். "அம்மா, ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. நான் குடுத்தேன்னு."

எட்ரூன் சீமாட்டி தன் கைமடிப்பில் பிரிந்து நின்ற ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் விக்மண்டிடமிருந்து வந்தது.

"ஊரை உண்டாக்குனவங்க சத்தியம் பண்ணக் கூடாது. ஏன்? இன்னிக்கு ஒரு விஷயத்துக்குச் சத்தியம் பண்ணினா, பண்ணாம விட்டதெல்லாம் பொய்யான்னு ஜனங்க யோசிக்க ஆரம்பிச்சிருவாங்க. ஜனங்களை யோசிக்க வைக்கிறதுக்கா நாம ஊர் கட்டினோம்?"

இல்லை இல்லை என்று கூடம் முணுமுணுத்தது.

அன்று மாலையே ஸ்னெல் வந்து விக்மண்ட் வீட்டு வாசலில் நின்றான். அவனுக்கு நிம்மதி போயிருந்தது. "ஐயா, யோசிச்சுப் பாத்தேன். என் மாட்டுக்கு இடது காதுல ஒரு வெட்டு உண்டு. இதுக்கு இல்ல. என் மாடு சேத்துல முங்கிப் போயிருக்கும்போல. வழக்கை விட்டுர்றேன்."

விக்மண்ட் அவனை உட்கார வைத்து, பார்லி மது கொடுத்து, அன்பாகவே சொன்னார். "வழக்கு இப்போ உன்னுது இல்லப்பா, மன்றத்துது. நீ விட்டா நீ சொன்னது பொய்க்குற்றம். பொய்க்குற்றம் சொன்னவனுக்கு நாக்கை அறுக்கணும். உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு ஐயா."

"அப்போ பேச்சு வேணுமே. பேசாம வழக்கை நடத்து."

ஆக, மாட்டைப் பறிகொடுக்காதவனும் மாட்டைத் திருடாதவனும் எதிரெதிரே நிற்க வழக்கு நடந்தது. டுட்டா தான் திருடன் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அவன் சத்தியம் சுத்தமானது என்று பதினோரு பேர் கூடச் சத்தியம் செய்ய வேண்டும். எருது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. ஒரு பிரபு வந்தால் ஆறு உழவருக்குச் சமம். ஊரில் இருந்த ஒரே பிரபு, வழக்கு என்று கேள்விப்பட்டதும் பன்றி வேட்டைக்குப் போய்விட்டார்.

டுட்டா வீடு வீடாக ஏறி இறங்கினான். பதினோரு பேரைச் சேர்ப்பதற்குள் செருப்பு தேய்ந்தது. ஒருவனை, அவன் வீட்டுக்குக் கதவு இல்லை, கதவில்லாதது வீடாகாது என்று விக்மண்ட் தள்ளினார். ஊர் வாசலுக்கே கதவு இல்லையே என்று அவன் கேட்டதற்கு மன்றத்தை அவமதித்ததாக ஒரு நாள் கட்டிவைத்தார்கள். கடைசியில் ஓர் ஆள் குறைந்தபோது, ரொட்டி சுடுகிற விஃபாதான் மிச்சம். தங்கமான மனுஷன். திக்குவாய்.

அது சாதாரண விஷயமில்லை. சத்திய வாக்கியத்தில் ஒரு எழுத்து இடறினாலும், ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் சத்தியம் உடைந்துவிடும். ஒருவன் உடைத்தால் பன்னிரண்டும் உடையும்.

"டு... டு... டுட்டா, நா... நான் வேணாம்பா. உன்னைத் தூ... தூக்குல ஏத்திருவேன்" என்று விஃபா கண் கலங்கினான்.

"உன்னை விட்டா ஆள் இல்ல விஃபா."

ஒரு வாரம் விஃபா அடுப்பு வாய்க்குள் தலையை விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினான். நெருப்போடு பேசும்போது அவனுக்குத் திக்கவில்லை. கோடாவின் அண்ணன் ஆஸ்மர்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். ஆஸ்மர் ஊரிலேயே பேச்சுக்காரன்; கல்யாணம், கருமாதி, பன்றி வெட்டு எதுவானாலும் நாலு வார்த்தை பேசாமல் கிளம்ப மாட்டான்.

"கவலைப்படாத மாப்ள" என்றான் டுட்டாவிடம். "நான் பேசினா கல்லுகூடத் தலையாட்டும்."

"தலையாட்ட வேணாம் மச்சான். இருக்கிறத அப்படியே சொன்னாப் போதும்."

சத்திய நாளன்று காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. பதினோரு பேரும் பசியோடு வரிசையில் நின்றார்கள். வாக்கியம் இதுதான்: ஆண்டவர் சாட்சியாக, டுட்டா செய்த சத்தியம் தூயது, பொய் கலவாதது. டுட்டா தன் சத்தியத்தைச் சொல்லி முடித்ததும், ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். டுட்டா மனதுக்குள் கூடவே சொன்னான். கோடா வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினாள். எட்டு, ஒன்பது. பத்தாவதாக விஃபா.

விஃபாவின் நெற்றியில் வேர்வை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பாதிரியார் முன்னால் சாய்ந்தார். பிஷப்பின் ஆள்கூட எழுதுவதை நிறுத்தினான். விஃபா திரும்பி, கூடத்தின் நடுவே எரிந்த கணப்பைப் பார்த்தான். நெருப்பைப் பார்த்தபடியே, ஒரு எழுத்து தட்டாமல், மணி மணியாகச் சொல்லி முடித்தான். டுட்டாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்தது ஆஸ்மர். அவன் முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, ஒரு கையை நீட்டினான். அந்தக் கை நீண்டதுமே கோடா எண்ணுவதை நிறுத்தினாள்.

"ஆண்டவர் சாட்சியாக, டுட்டா செய்த சத்தியம் தூயது, பாலைப் போலத் தூயது, பொய் கலவாதது!"

அருமையாகச் சொன்னான். விக்மண்ட் வருத்தத்தோடு, "உடைஞ்சு போச்சு" என்றார்.

"என்ன உடைஞ்சுது?" என்று ஆஸ்மர் பெருமையோடு சுற்றிப் பார்த்தான். பிறகுதான் அவன் முகம் மாறியது.

"பாவி, பால் வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துட்டு வருவ" என்று வாசலில் கோடா கத்தினாள். "இங்க மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு உனக்குப் பாலு?"

இனி ஒரே வழி, இரும்பு. தேவாலயத்தில் கரிநெருப்பில் பழுக்க வைத்த ஒரு கட்டி இரும்பை வெறுங்கையில் எடுத்து ஒன்பது அடி நடக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் பிரித்துப் பார்ப்பார்கள். புண் சுத்தமாக ஆறியிருந்தால் சொன்னது உண்மை, ஆண்டவரே சொல்லிவிட்டார். சீழ் வைத்திருந்தால் வடக்கு வாசல். இதுவரை ஊரில் இரண்டு பேர் இரும்பு தூக்கியிருந்தார்கள். இரண்டு பேரையும் வடக்கு வாசலில்தான் இறக்கினார்கள்.

அதற்கு முன் மூன்று நாள் ரொட்டி, உப்பு, தண்ணீர் மட்டும். நான்காம் நாள் காலை ஒன்பது அடியை அளக்க வேண்டியிருந்தது. எட்ரூன்பரியில் அடி என்றால் சீமாட்டியின் பாதம். ஊர் பிறந்தபோது அந்தப் பாதத்தை அளந்து ஒரு குச்சி செய்து பெட்டியில் வைத்தவர் விக்மண்ட். குச்சியைப் போட்டு ஒன்பது முறை அளந்தபோது, தூரம் டுட்டாவின் நடைக்கு மூன்றே எட்டுதான் வந்தது.

ஸ்னெல்லுக்கு, தான் வழக்காடுபவன் என்பது நினைவு வந்திருக்க வேண்டும். "ஐயா, இந்தக் குச்சி ரொம்பக் குட்டையா இருக்கே. அம்மா காலு இவ்வளவு சின்னதா என்ன?"

சீமாட்டி உயரமான பெண்மணி. அவர் பாதம் அவர் உயரத்துக்கு ஏற்ற பாதம். அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கீழே பார்க்கவில்லை.

"அம்மாவோட காலு பெருசுன்னு சொல்ல வர்றியா?" என்று விக்மண்ட் நிதானமாகக் கேட்டார்.

"ஐயையோ, இல்ல."

"இந்தக் குச்சியாலதான் மூணு வருசமா ஊர்ல துணி அளக்கிறோம், வீட்டுமனை அளக்கிறோம். இது பொய்னா எல்லாமே பொய்யா?"

"குச்சி கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு ஐயா" என்றான் ஸ்னெல், அழாக்குறையாக.

டுட்டாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. பாதிரியார் அவன் முன்னால் வந்து, இரும்பின் மேல் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். டுட்டா சொன்னான். "ஊர் பிறந்த நாள் விடியக்காலையில இந்த எருது எட்ரூன் அம்மா கையால எனக்கு வந்துச்சு. இது நிஜம்னா என் கை ஆறட்டும்." பிஷப்பின் ஆள் அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு, எழுதியதை மறுபடி வாசித்து, லேசாகப் புன்னகைத்தான். அதை விக்மண்ட் கவனிக்கவில்லை. அவர் குச்சியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

டுட்டா எடுத்தான். முதல் எட்டில் எதுவும் தெரியவில்லை. இரண்டாவதில் தன் கை தோல் கருகும் வாடை தெரிந்தது. மூன்றாவதில் கத்தியபடி போட்டுவிட்டான். இரும்பு எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

கட்டிய கையோடு அவனைத் தேவாலயத்துத் தானிய அறையில் அடைத்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கோடா ரொட்டி கொண்டுவந்திருந்தபோது, எட்ரூன் சீமாட்டி தனியாக வந்தார். விக்மண்ட் இல்லாமல் அவரைப் பார்ப்பது டுட்டாவுக்கு விசித்திரமாக இருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது, அரிக்குது. அரிச்சா நல்லதா கெட்டதான்னு சாமிகிட்ட கேட்டேன். அதப் பத்தி எங்கயும் எழுதலையேன்னுட்டாரு."

சீமாட்டி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். "எனக்கு ஞாபகம் இருக்கு டுட்டா. நெத்தியில வெள்ளை. கயித்தக் குடுத்ததும் நீ என் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்த. கையெல்லாம் சேறாயிருச்சு."

"இதை அங்க சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னா பட்டயம் பொய்யாயிரும். வெத்து நிலம்னு எழுதியிருக்கு, நாம விடியக்காலையில இருந்தே அங்க நின்னோம். பிஷப்பு இதுக்குத்தான் மூணு வருசமா காத்திருக்காரு. நாப்பது வீடும் போகும். மறுபடி ஆத்தங்கரை, மறுபடி டேனியன்."

"அந்த நாப்பதுல நான் ஒண்ணு இல்லையாம்மா?"

சீமாட்டி மூட்டையிலிருந்து சிந்திய தானியத்தைப் பொறுக்கி மறுபடி உள்ளே போட்டார். முதல் குளிர்காலத்தில் தன் சொந்தக் களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கே கஞ்சி ஊற்றியவர் அவர். டுட்டாவின் கடைசிப் பிள்ளை பிழைத்தது அந்தக் கஞ்சியால்தான். அவரை வெறுத்துவிடலாம் என்று பார்த்தால் டுட்டாவுக்கு முடியவில்லை. அது அவனுக்குக் கையை விட எரிந்தது.

"உன் கை ஆறணும்னு வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

கோடா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அவங்க எதை வேண்டிக்கிறாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"ஏன்?"

"உங்க கை ஆறலன்னா நீங்க தூக்குல. ஆறிச்சுன்னா, நீங்க இரும்பு மேல சொன்னது நிஜம்னு ஆண்டவரே சொன்ன மாதிரி. அப்போ பட்டயம் பொய். இவங்க எப்படிங்க உங்க கையை ஆற விடுவாங்க?"

டுட்டா கைக்கட்டை வெறித்துப் பார்த்தான். அதுவரை சீழைப் பற்றி மட்டுமே பயந்திருந்தான். இப்போது ஆறிவிடுமோ என்றும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஊரே கூடியிருந்தது. நல்ல வெயில். கூடத்தில் இடம் போதாது என்று முற்றத்திலேயே மன்றத்தைக் கூட்டினார்கள். ஓரத்து முளையில் எருது நின்று வாலால் ஈ ஓட்டியது. பாதிரியார் முத்திரையைப் பார்த்தார், உடைபடவில்லை. துணியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். டுட்டா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். துணி முழுக்கக் கழன்றதை அவன் காற்றில் உணர்ந்தான்.

டுட்டா மெல்லத் திரும்பிப் பார்த்தான். மேழியைப் பிடித்துக் காய்த்துப் போயிருந்த உள்ளங்கையில், குறுக்கே இளஞ்சிவப்பாக ஒரு புதுத் தோல். அவ்வளவுதான். காய்ந்து, சுத்தமாக இருந்தது.

"ஆறிடுச்சு" என்றான் டுட்டா, தன்னை மீறி.

பாதிரியார் குனிந்தவர் நிமிரவில்லை. விக்மண்ட் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு பிஷப்பின் ஆளைப் பார்த்தார். அவன் பலகையையும் எழுத்தாணியையும் தயாராக வைத்திருந்தான். விக்மண்டின் முகம் வெளுத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சிவந்தது. அவர் எழுந்து நின்றார்.

"எட்ரூன்பரி மக்களே! கை ஆறியிருக்கா இல்லையாங்கிறது ரெண்டாவது கேள்வி. கை பார்க்கப்பட்டுச்சாங்கிறதுதான் முதல் கேள்வி. சரியான வெளிச்சம் இல்லாம எந்தக் கையையும் பார்த்ததா இந்த மன்றம் ஒத்துக்க முடியாது."

மக்கள் சூரியனைப் பார்த்தார்கள். கண் கூசியது.

"வெளிச்சம் போதல" என்றார் விக்மண்ட். "போதுமான வெளிச்சம் வர்ற வரைக்கும் எல்லாரும் தரையைப் பாருங்க."

கொம்பு ஊதினார்கள். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. கதவில்லாத வீட்டுக்காரன் குனிந்தான். ஆஸ்மர் குனிந்தான். விஃபா குனிய மாட்டேன் என்பதுபோல் நின்று, உதடு துடிக்க, அவனும் குனிந்தான்.

"சுத்தமா ஆறியிருக்குய்யா!" என்று ஸ்னெல் மட்டும் கத்தினான். கத்திய பிறகு, கை சுத்தம் என்றால் தான் பொய்க்குற்றம் சொன்னவன் என்பது உறைத்திருக்கும். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனும் தரையைப் பார்த்தான்.

"நான் பார்த்தேன்" என்றான் பிஷப்பின் ஆள்.

"உங்களுக்கு இந்த ஊர்ல வீடு இருக்கா?"

"இல்ல."

"வீடு இல்லாதவங்க பார்க்கிறது இங்க பார்வையில சேராது. எழுதிக்குங்க."

"எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கோடா கூட்டத்துக்குள் பாய்ந்தாள். "உங்க ஊர்ச் சுவரே இந்தக் கை போட்ட கோட்டு மேல தானேடா நிக்குது! ஒருத்தனாவது நிமிர்ந்து பாருங்கடா!" இரண்டு காவல்காரர்கள், தரையைப் பார்த்தபடியே, தடவித் தடவி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கட்டு இன்னும் பிரிக்கப்படலன்னு மன்றம் எடுத்துக்குது" என்றார் விக்மண்ட். "அடுத்த மன்றத்துல பார்ப்போம். அன்னிக்கும் வெளிச்சம் போதலன்னா அதுக்கு அடுத்ததுல."

"அதுவரைக்கும் நான் யாரு ஐயா?" என்று கேட்டான் டுட்டா. "திருடனா, இல்லையா?"

"கட்டுப் போட்டவன்."

"என் எருது?"

"கட்டுப் போட்டவன் எப்படிப்பா ஏர் பிடிப்ப? அது இங்கயே நிக்கட்டும்."

விக்மண்ட் திரும்பிச் சீமாட்டியை வணங்கினார். தீர்ப்புக்கு அவர் சம்மதம் வேண்டும். முற்றத்தில் பார்வை செல்லுபடியாகிறவர்களில் குனியாமல் இருந்தது சீமாட்டியின் தலைதான். டுட்டா காவல்காரர்களைத் தாண்டி நடந்துபோய், நாற்காலிக்கு முன்னால் நின்று, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினான். இவர் பார்த்துவிட்டார் என்றால் போதும், ஊர் முழுக்கக் குருடாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தான்.

எட்ரூன் சீமாட்டி பார்த்தார். மற்றவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. காய்ப்பையும், குறுக்கே ஓடிய புதுத் தோலையும், விரல் நுனிவரை நன்றாகப் பார்த்தார். கண் நிறைந்து ஒரு சொட்டு அவன் கையிலேயே விழுந்தது. தலையை உயர்த்தி, மரச்சுவருக்கு மேலே தெரிந்த நாற்பது கூரைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கட்டுங்க" என்றார்.

பாதிரியார் அதே துணியை எடுத்து, அதே இடத்தில் சுற்ற ஆரம்பித்தார். டுட்டா தடுக்கவில்லை. முடிச்சுப் போட்டு மெழுகு ஊற்றி முத்திரை வைக்கும்வரை பொறுமையாக நின்றான். அது முடிந்ததும் இடது கையையும் சீமாட்டி முன்னால் நீட்டினான்.

"இதையும் கட்டிருங்கம்மா. அன்னிக்குக் காலையில கயித்த நீங்க குடுத்தது ரெண்டு கையிலயும்தான்."

முற்றத்தில் ஒரு தலையும் நிமிரவில்லை. இதற்கு விதி உண்டா என்று விக்மண்ட் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு துணி கொண்டுவரச் சொன்னார்.